செத்தவீட்டுக்கு நான் அனுப்பிய பாட்டு

1. ஊமையாய்ப் போன நேரலை

எடிட்டிங் பழக வருகிற பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த சொவ்ட்வெயார் நல்லது என்றுதான். எதுவானாலும் பரவாயில்லை. மவுஸ் பிடிக்கத் தெரிந்தால் மிச்சத்தைக் கொஞ்ச நாளில் பழகிவிடலாம். இந்த வேலையில் அப்படிப் பழக முடியாத ஒன்று இருக்கிறது. அதை நான் பழகியது வெட்கப்பட்டுத்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. போகாமல் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு ஸ்ரூடியோவில் நான் எடிட்டர். கசெற் காலத்தில் சேர்ந்தவள். கல்யாணவீடு, பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு எதுவானாலும் கமெரா தூக்கிக்கொண்டு போவது ஆம்பிளைகள். அவர்கள் கொண்டுவந்து கொட்டுவதை வெட்டி ஒட்டி, பார்க்கக் கேட்கக் கூடியதாக ஆக்குவது நான். முதலாளி நடேசன் அண்ணை. ஆள் தங்கமானவர், வாய்தான் கொஞ்சம் நீளம்.

இப்போதெல்லாம் செத்தவீடு என்றால் பந்தல்காரரோடு சேர்த்து நேரலைக்காரரையும் கூப்பிட்டுவிடுவார்கள். மகன் கனடாவில், மகள் சுவிசில் என்று இருக்கும்போது எல்லாரும் வந்து சேர்வது நடக்கிற காரியம் இல்லை. அவர்கள் தாயின் தலைமாட்டில் வந்து நிற்பது எங்கள் கமெராவுக்குள்ளால்தான். ஐயர் வந்து கிரியை தொடங்கும்வரை திரையில் இறந்தவரின் பழைய படங்கள் ஒவ்வொன்றாய் ஓடும். அதற்குப் பின்னால் மெல்லியதாய் ஒரு இசை. கமெராவின் படமும் சத்தமும் இன்ரநெற் வழியாக ஸ்ரூடியோவுக்கு வரும். படங்களையும் இசையையும் சேர்த்து வெளியே விடுவது என் கையில்.

அன்று சுன்னாகத்தில் ஒரு அம்மாவின் செத்தவீடு. பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் புல்லாங்குழலில் வாசித்திருந்ததைப் போட்டேன். எத்தனையோ தடவை போட்டதுதான். அன்றைக்கு நேரலைத் தளம் அதைக் கண்டுபிடித்துவிட்டது. கொப்பிரைட் என்று சொல்லி முழுச் சத்தத்தையும் நிறுத்திவிட்டது. என் இசை மட்டுமல்ல, தேவாரம், பறை, அழுகை எல்லாம் போய்விட்டது. கனடாவிலிருந்து மூத்த மகன் போன் எடுத்தார்.

"தங்கச்சி, அக்கா அம்மாவைக் கட்டிப்பிடிச்சு ஒப்பு வைச்சு அழுறா. வாய் அசையுது, சத்தம் வரேல்லை. என்ன செய்யிறியள் உங்கை?"

"கொப்பிரைட் பிரச்சினை அண்ணை. பாட்டுக்குச் சொந்தக்காரர்..."

"என்ரை அம்மா செத்ததுக்கு நான் ஆரிட்டை கொப்பிரைட் கேக்கிறது?"

அவர் போனை வைத்துவிட்டார். சத்தம் வராமலேயே பாடை போய்விட்டது. அடுத்த நாள் நடேசன் அண்ணை என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனி ஒருத்தன்ரை பாட்டும் எங்களுக்கு வேண்டாம். சொந்தக்காரன் இல்லாத மியூசிக் எங்கையாவது கிடந்தால் தேடிப்பிடி பிள்ளை."

2. சொந்தக்காரன் இல்லாத மியூசிக்

தேடினால் கிடைக்கிறது. கொட்டிக் கிடக்கிறது. இத்தனை வருடமாக இந்தக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தும் அது எனக்குத் தெரியாது.

படத்துக்காக இல்லை, கம்பெனிக்காக இல்லை, தங்கள் விருப்பத்துக்குத் தங்கள் வீட்டில் இருந்து இசை செய்கிற ஆட்களுக்கென்றே சில தளங்கள் இருக்கின்றன. செய்ததை அங்கே ஏற்றி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய்க் கேட்கத் தொடங்கினேன். ஒருவர் பியானோ வாசிக்கும்போது பக்கத்தில் நாய் குரைக்கிறது, அவர் நிறுத்தவில்லை. ஒரு பெண் தையல் மெசினை மிதித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்கு மேலே முனகுகிறாள். இன்னொருவர் தொடங்குமுன் எனக்குத் தெரியாத பாஷையில் மெல்ல எண்ணுகிறார். எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று கீழே காட்டும். பார்த்தால் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கிற ஆட்களைவிடக் குறைவு.

எனக்குப் பெரிய சந்தோஷம். வீட்டு ரேடியோவிலும் கோயில் லவுட் ஸ்பீக்கரிலும் வருவதுதான் இசை என்று இருந்தவள் நான். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் புதிதாய்க் காது குத்திக்கொண்ட பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பேன், சோறு காய்ந்துவிடும்.

"செத்தவீட்டுக்கு மியூசிக் தேடச் சொன்னால், நீ என்ன கல்யாணவீட்டுக்கு வெளிக்கிட்ட ஆள் மாதிரிச் சிரிச்சுக்கொண்டிருக்கிறாய்?" என்பார் நடேசன் அண்ணை.

அப்படித்தான் ஒருநாள் 'ஸ்மோல் போட்' என்ற பெயரில் ஒரு பக்கம் அகப்பட்டது. படம் இல்லை, ஊர் இல்லை. நீல நிறம் பூசிய ஒரு சதுரம் மட்டும். நாலைந்து இசைத் துண்டுகள். அதில் ஒன்றின் பெயர் 'கம்மிங் ஹோம்', வீட்டுக்கு வருதல். கீபோர்ட்டில் வாசித்தது. ஒரு மெட்டு மெல்ல மேலே ஏறும், கொஞ்சம் நிற்கும், பிறகு ஏறிய வழியாலேயே இறங்கிவரும். அவ்வளவுதான். அது முடிந்ததும் திரும்பவும் தொடக்கத்திலிருந்து போட்டேன்.

கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைப் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன். ஆரும் எடுக்கலாம், வெட்டலாம், மாற்றலாம், எங்கேயும் பாவிக்கலாம், என் பெயர் போடத் தேவையில்லை. பாவித்தால் எங்கே பாவித்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால் சந்தோஷப்படுவேன் என்று இருந்தது.

நான் இந்த ஆளை ஒரு வெள்ளைக்காரனாகவே நினைத்துக்கொண்டேன். நோர்வேயில், ஒரு ஏரிக்கரையில், மரவீட்டில் இருக்கிற மனிதன். ஏன் நோர்வே என்றால் என் மச்சாள் அங்கே இருக்கிறாள், அவள் அனுப்புகிற படங்களில் ஏரியும் சிவப்புப் படகும் இருக்கும். இவ்வளவு நேர்த்தியாக ஒன்றை எங்கள் ஆள் ஒருவர் செய்திருக்கலாம் என்று ஒரு கணமும் எனக்குத் தோன்றவில்லை. நான் வெட்கப்படுகிறவற்றில் இதுவும் ஒன்று.

3. பம்ப் சத்தம்

அந்த இசையில் எனக்கு ஒரு குறை தெரிந்தது. மெட்டு ஒரு சுற்றுச் சுற்றி முடிய, அடியில் டக் டக் டக் என்று ஒரு சத்தம் வந்து சேரும். கடைசிவரை ஓடும். இடைக்கிடை ஒரு அடியை விட்டுவிட்டு விக்கும்.

நான் தெல்லிப்பழையில் தோட்டக்காரர் வீட்டில் பிறந்தவள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைக்கிற பம்ப் சத்தத்தில் வளர்ந்தவள். கேட்ட உடனே முடிவுகட்டிவிட்டேன்.

"அண்ணை, வெள்ளைக்காரனும் வெங்காயத்துக்குத் தண்ணி இறைக்கிறான் போலை. பின்னாலை பம்ப் ஓடுது."

அவரும் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். "பம்ப்தான். நிப்பாட்டு அதை. செத்தவீட்டிலை ஆருக்குத் தண்ணி இறைக்கிறது?"

நிறுத்தினேன். ஃபில்டர் போட்டு அடிச் சத்தத்தை இறக்கினேன். போகாமல் ஒட்டிக்கொண்டு நின்ற இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, சத்தம் இல்லாத முதல் சுற்றையே திரும்பத் திரும்ப ஒட்டினேன். வேகத்தை இழுத்துக் குறைத்தேன். கொஞ்சம் எக்கோ சேர்த்தேன். முடிந்ததும் நடேசன் அண்ணையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். அந்த வெட்டில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

முதலில் போட்டது கோண்டாவிலில் ஒரு வாத்தியாரின் செத்தவீட்டுக்கு. சத்தம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. சாம்பல் அள்ளுகிற காடாத்து முடிய, சுவிசிலிருந்து மகள் போன் எடுத்தா.

"அந்த மியூசிக் தொடங்கினதும் எங்களுக்கு இஞ்சை அழுகை அடக்கேலாமல் போச்சு. ஆர் அடிச்சது?"

நான் வாயைத் திறக்குமுன் நடேசன் அண்ணை போனை வாங்கிவிட்டார். "எங்கடை ஸ்ரூடியோதான் பிள்ளை."

அன்றிலிருந்து நேரலை முடிவில் வருகிற எழுத்தில் 'ஒளிப்பதிவு, தொகுப்பு' என்பதோடு 'இசை' என்பதும் எங்கள் ஸ்ரூடியோப் பெயருக்கு முன்னால் ஏறிக்கொண்டது. அதை டைப் பண்ணியது நான். பெயர் தேவையில்லை என்று அந்த ஆளே எழுதியிருக்கிறாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

4. எல்லாருக்கும் தெரிந்த பாட்டு

ஒரு வருடத்துக்குள் அது செத்தவீட்டுப் பாட்டு ஆகிவிட்டது. செத்தவீட்டுக்காரரே கேட்பார்கள், "உங்கடை அந்தப் பாட்டையும் போடுவியள்தானே?" என்று. மற்ற ஸ்ரூடியோக்காரர் எங்கள் நேரலையிலிருந்து அதை இறக்கித் தாங்களும் போட்டார்கள். பந்தலில் பெட்டி ஸ்பீக்கர் கட்டுகிறவர்களின் பென் டிரைவிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. ரோட்டில் போகிறவர்கள் அதைக் கேட்டால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் ஒழுங்கைச் சின்னப் பிள்ளைகள் வாயால் முனகினால் தாய்மார் அதட்டுவார்கள்.

"கோதாரி! வீட்டுக்குள்ளை நிண்டு உந்தச் செத்தவீட்டுப் பாட்டைப் படியாதை!"

அதைக் கேட்டு நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். நான் வெட்டிய ஒன்று குடாநாடு முழுக்கத் தெரிந்திருக்கிறதே என்ற பூரிப்பு.

அந்த ஒரு வரியை எழுத நான் நினைக்காமல் இல்லை. அந்தப் பக்கத்துக்குப் போய், எழுதுகிற பெட்டியைத் திறந்து, 'டியர் சேர்' என்று தொடங்கினேன். உங்கள் இசையைப் பாவிக்கிறேன் என்பதுவரை என் ஆங்கிலம் வந்தது. எங்கே என்று எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டது. ஏரிக்கரையில் சிவப்புப் படகோடு இருக்கிற மனிதனுக்கு, உங்கள் பாட்டை நாங்கள் பிணத்துக்குப் போடுகிறோம் என்று எப்படி எழுதுவது? என் ஆங்கிலத்தை நினைத்தும் வெட்கம், எழுதப்போகிற செய்தியை நினைத்தும் வெட்கம். பெட்டியை மூடிவிட்டேன். பிறகும் ஒருதரம் திறந்து மூடினேன். எழுதியிருந்தால் இந்தக் கதையே வந்திராது.

5. நிரோஜா

ஒரு முற்பகல், சாமத்தியவீட்டு அல்பம் ஒன்றில் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கதவடியில் ஒரு பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது. இருபத்தைந்து வயது இருக்கலாம். நடேசன் அண்ணை வாயெல்லாம் பல்லாக எழும்பினார்.

"வாங்கோ பிள்ளை. எப்ப கல்யாணம்?"

"கல்யாணம் இல்லை. அந்தச் செத்தவீட்டுப் பாட்டைப் பற்றிக் கதைக்க வந்தனான்."

அவர் முகத்தைத் துக்கமாக மாற்றிக்கொண்டார். "ஆர் மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லை. அந்தப் பாட்டு என்ரை."

நான் கதிரையைத் திருப்பினேன். "நீர்தானோ ஸ்மோல் போட்?"

"ஓம் அக்கா."

"அது வெள்ளைக்காரன் எல்லோ!"

யோசியாமல் வாயிலிருந்து விழுந்த வார்த்தை. அந்தப் பிள்ளை சிரித்தது. "அப்பான்ரை போட் சின்னன். அதுதான் அந்தப் பேர் வைச்சனான்."

நிரோஜா பருத்தித்துறைப் பிள்ளை. நேர்சரியில் படிப்பிக்கிறா. தமையன் பிரான்ஸிலிருந்து அனுப்பிய சின்னக் கீபோர்ட்டும் போனும்தான் அவவின் ஸ்ரூடியோ. ஹெட்போனோடு இருந்து செய்வதால் வீட்டில் ஒருவருக்கும் என்ன செய்கிறா என்று தெரியாது. பிள்ளை போனை நோண்டுது என்று இருந்துவிட்டார்கள். தகப்பன் தவராசா கடல் தொழிலுக்குப் போய் விடியப்பறம் கரைக்குத் திரும்புகிற நேரத்தை நினைத்துச் செய்ததுதான் அந்தப் பாட்டு.

"சிநேகிதி ஒருத்தியின்ரை அம்மம்மான்ரை செத்தவீட்டை லைவிலை பார்த்தனான் அக்கா. பாட்டுத் தொடங்கினது. நான் அழுதுகொண்டிருக்கிறன். நல்லா அழுத பிறகுதான் விளங்கினது, நான் அழுறது என்ரை பாட்டுக்கு எண்டு."

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"முதல் சந்தோஷமாக்கூட இருந்தது. ஆரோ பாவிச்சிருக்கினம் எண்டு. பிறகு அப்பா பழைய போட்டை வித்துப்போட்டுப் புதுப் போட் வாங்கினவர். கடலிலை இறக்கிற அண்டைக்கு, தேங்காய் உடைச்சு, கற்பூரம் காட்டி, எல்லாரும் போட்டிலை கை வைச்சு நிக்கேக்கை, ஸ்பீக்கரிலை இந்தப் பாட்டைப் போட்டன். அவருக்காகச் செய்தது, அண்டைக்குக் கேக்கட்டும் எண்டு."

நடேசன் அண்ணை மெல்லக் கதிரையில் இருந்தார்.

"முதல் சுற்று முடியேல்லை அக்கா. மாமி ஓடிவந்து ஸ்பீக்கர் வயரைப் புடுங்கிப்போட்டா. செத்தவீட்டுப் பாட்டை ஆர் போட்டது எண்டு எல்லாரும் கத்துகினம். போட்டிலை இருந்து கையை எடுத்துப்போட்டினம். அப்பாவோடை தொழிலுக்குப் போற ரெண்டு பேரும் இனி இந்தப் போட்டிலை ஏறமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம். போட் இண்டைக்கும் மணலிலைதான் கிடக்குது."

கேட்டுக்கொண்டிருந்த நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது இதுதான்.

"பிள்ளை, ஆரும் எப்பிடியும் பாவிக்கலாம் எண்டு நீர்தானே எழுதிப் போட்டனீர்?"

என் வேலை வாழ்க்கையில் நான் சொன்ன எல்லாவற்றிலும் கேவலமான வார்த்தை அது. நடேசன் அண்ணையும் பிடித்துக்கொண்டார். "ஓம் ஓம், சட்டப்படி நாங்கள் ஒரு பிழையும் விடேல்லை."

"தெரியும் அண்ணை. நான் சண்டைக்கு வரேல்லை," என்றா நிரோஜா. "நான் செய்த பாட்டெண்டு வீட்டிலை சொன்னன். அப்பா நம்பேல்லை. உங்கடை லைவைக் காட்டி, இஞ்சை பார், இசை இந்த ஸ்ரூடியோ எண்டு போட்டிருக்கு, ஆற்றையோ செத்தவீட்டுப் பாட்டைக் களவெடுத்துப் போட்டிட்டுப் பொய்யும் சொல்லுறாய் எண்டிறார். என்னோடை கதைக்கிறேல்லை. போட்டுக் காட்டுவம் எண்டால் வீட்டுக்குள்ளை உந்தப் பாட்டைப் போடாதை எண்டு காதைப் பொத்துறார். நீங்கள் வந்து ஒருக்கால் சொல்லுங்கோ அக்கா, இது என்ரை எண்டு. அது காணும்."

'இசை' என்று டைப் பண்ணிய விரல்களைப் பார்த்துக்கொண்டு, "வாறன்" என்றேன்.

6. கரையில்

ஞாயிற்றுக்கிழமை லப்டொப்பையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு பருத்தித்துறை பஸ் ஏறினேன். வீடு கரையோரம். வாசலிலிருந்து பார்க்கவே அந்தப் புதுப் போட் தெரிந்தது. தார்ப்பாய்ப் படங்கால் மூடியிருந்தார்கள். முன்பக்கத்தில் மாலை காய்ந்து நார் மட்டும் தொங்கியது.

தவராசா அண்ணை முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை எடுத்துப் போட்டார். நிரோஜாவின் தாய் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. எந்த ஸ்ரூடியோ என்று சொன்ன பிறகும் அவருடைய மரியாதையில் குறை வரவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"தங்கச்சி, நாங்கள் கடலுக்குப் போறது உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு. இறக்கிற நாளிலை அந்தப் பாட்டு. பிறகு ஆர் அந்தப் போட்டிலை ஏறுவான்? சரி, அதை விடுவம். வேறை நாள் பார்த்து இறக்கலாம். இவள் பொய் சொல்லுறாள். அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

"பொய் இல்லை அண்ணை. அது நிரோஜாவின்ரை பாட்டு. செத்தவீட்டுக்குக் கொண்டுபோனது நான். எங்கடை பேரைப் போட்டதும் நான்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வலையைப் பார்த்தார். "நீங்கள் நல்ல மனிசி. பிள்ளை வந்து அழுதிருப்பாள், அவளுக்காகக் கதைக்கிறியள்."

நம்பவில்லை. நான் பையிலிருந்து ஹெட்போனை எடுத்தேன். வெட்டாத பாட்டு இருக்கிறது, ஒருதரம் முழுக்கக் கேளுங்கோ, உங்கள் காதைத் தவிர வேறு ஒருவருக்கும் கேட்காது என்றேன். வலையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழும்பினார்.

"போட்டுக்குக் கிட்ட வேண்டாம். வீட்டுக்குள்ளையும் வேண்டாம்."

வலை வைக்கிற கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஒரு பெட்டிக்கு மேலே இருந்துகொண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் தட்டினேன். முதல் சுற்று ஓடியது. முகம் இறுகிக்கொண்டே போனது. கழற்றப் போவதுபோலக் கை மேலே போனது. போன கை அப்படியே நின்றது.

டக் டக் சத்தம் வந்திருக்க வேண்டும். அவருடைய விரல் தொடையில் மெல்லத் தட்டத் தொடங்கியது. தட்டிக்கொண்டு போய் ஓரிடத்தில் நின்று, பிறகு தட்டியது. நான் ஸ்ரூடியோவில் குறை என்று கண்டுபிடித்த அதே விக்கல்.

"உது என்ரை எஞ்சின்," என்றார். ஹெட்போன் மாட்டியிருந்ததால் சத்தமாகச் சொன்னார். "பழைய எஞ்சின். வித்துப்போட்டன். விக்கல் எடுக்கிறது கேக்குதோ?"

நிரோஜா கொட்டில் மூலையில் நின்றா. அவர் மகளைப் பார்த்துக் கேட்டார், "எங்கை எடுத்தனி இதை?"

"நீங்கள் திரும்பி வரேக்கை கரையிலை நிண்டு போனிலை எடுத்தனான் அப்பா. எஞ்சின் சத்தம் கேட்டால்தானே அம்மா அடுப்பை மூட்டுவா."

கடைசிவரை கேட்டார். கழற்றி, காதில் பட்ட இடத்தைக் கட்டியிருந்த சாரத் தலைப்பால் துடைத்து என்னிடம் தந்தார். கண் கலங்கியிருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"அப்ப அண்ணை, போட் இறக்கிற அண்டைக்கு இதைப் போடலாம்தானே?"

"தங்கச்சி, எனக்கு விளங்கீட்டுது. என்ரை பிள்ளை பொய் சொல்லேல்லை. ஊருக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது? ஒவ்வொருத்தன்ரை காதிலையும் உந்த ஹெட்போனைக் கொழுவிக்கொண்டு திரிவியளோ?" சிரிக்கப் பார்த்தார். "என்னை எடுக்கிற அண்டைக்குப் போடுங்கோ. அண்டைக்கு எஞ்சினை வெட்டாமல் போடுங்கோ."

"வாயைக் கழுவுங்கோ!" என்று முற்றத்திலிருந்து தாய் சத்தம் போட்டா. நிரோஜா வீட்டுக்குள் போய்விட்டா. நான் லப்டொப்பை மூடத் தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன்.

7. வெட்டியது மட்டும் மிச்சம்

வேறு நாள் பார்த்துப் போட்டை இறக்கினார்கள். பாட்டு ஒன்றும் போடவில்லை. அந்த இரண்டு பேரும் திரும்பி வந்துவிட்டார்கள். அப்பா இப்போது தன்னோடு கதைக்கிறார் என்று நிரோஜா போனில் சொன்னா. அதே போனில் இன்னொன்றும் சொன்னா. தளத்திலிருந்த தன் பாட்டுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டாவாம்.

"உங்களிட்டை இருக்கிறதை வைச்சிருங்கோ அக்கா. ஆருக்கும் குடுக்காதேங்கோ."

ஸ்ரூடியோவில் அந்தப் பாட்டை நிறுத்திவிட்டோம். முடிவு எழுத்தில் இருந்த 'இசை'யையும் எடுத்துவிட்டேன். நடேசன் அண்ணை முணுமுணுத்தாலும் தடுக்கவில்லை. மற்ற ஸ்ரூடியோக்காரருக்கு ஒவ்வொருவராய்ப் போன் எடுத்துச் சொன்னேன். ஒருவர் சொன்ன பதிலைத்தான் எல்லாரும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார்கள். "அக்கா, உது இப்ப எல்லாற்றை பாட்டுமெல்லோ." அதனால் இன்றைக்கு ஊரில் உலாவுவது நான் எஞ்சினை வெட்டி, இழுத்து, எக்கோ போட்ட அந்த உருவம்தான். பிள்ளை செய்த உருவம் வெளியில் ஓரிடத்திலும் இல்லை.

எடிட்டிங் பழகுகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். இலவசம் என்று போட்டிருந்தால் விலை இல்லை என்று மட்டும்தான் பொருள். ஆளே இல்லை என்று நானும் முதலாளியும் நினைத்துக்கொண்டோம். எந்த இசையை எடுத்தாலும் இப்போது முதலில் அந்த ஒரு வரியை எழுதுகிறேன், பிழையான ஆங்கிலத்தில். எங்கே போடப்போகிறேன், எதை வெட்டப்போகிறேன் என்று சொல்லிக் கேட்கிறேன். விளங்காத சத்தம் ஒன்று அடியில் கேட்டால், அது என்ன என்றும் கேட்கிறேன். சிலர் பதில் போடுகிறார்கள். போடாதவர்களின் இசையை நான் தொடுவதில்லை. செத்தவீடு காத்திருக்காது, அதனால் ஐயர் வரும்வரை இசையே இல்லாமல் வீட்டுச் சத்தத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். இதெல்லாம் செய்வதால் நான் நல்லவள் ஆகிவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். நிரோஜாவின் பாட்டுக்கு இதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அண்மையில் தெல்லிப்பழையில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். வேலையாக இல்லை, துக்கத்துக்கு. பந்தலில் கதிரை பிடித்து இருந்த கொஞ்ச நேரத்தில் வேறொரு ஸ்ரூடியோவின் ஸ்பீக்கரில் அது தொடங்கியது. என் வெட்டு. எந்த இடத்தில் ஒட்டினேன் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த, முன்பின் தெரியாத அம்மா ஒருவர் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"என்ன உருக்கமா அடிச்சிருக்கிறான், பாவம்."

இப்போது யார் இப்படிச் சொன்னாலும் நான் பேசாமல் இருப்பதில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு சொல்லிவிடுவேன். "இது செத்தவீட்டுக்குச் செய்த பாட்டில்லை அம்மா. பருத்தித்துறைப் பிள்ளை ஒண்டு, தகப்பன் கடலாலை சுகமா வந்து சேருற சந்தோஷத்திலை செய்தது."

அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். "அப்ப அந்தப் பிள்ளை உயிரோடையோ இருக்குது?"

"ஓம் அம்மா. இருக்கிறா."

"இப்பவும் பாட்டுச் செய்யிறாவோ?"

தலையைக் குனிந்துகொண்டேன். செத்தவருக்காக அழுகிறேன் என்று நினைத்து, அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.